வழுக்குவது தட்டா, எண்ணெயா?

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு நேராகப் பிணைக்க முடியாது. சும்மா நிற்கும்போதே இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது. அதை அடக்கி நிறுத்தினால் அணைந்துவிடும். ஆகவே நடுவில் ஏதோ ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். கம்பம், போடி, செங்கோட்டைப் பக்கம் கார் வாங்கப் போகிறவர்கள் கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்கும்போது, முதலில் பார்க்க வேண்டியது அந்த வழுக்கும் இடத்தைத்தான். சமவெளியிலேயே ஓட்டுகிறவருக்கு எதுவானாலும் ஓடும். அடிக்கடி குமுளியோ மூணாறோ ஏறி இறங்குகிறவருக்கு அப்படியில்லை.

கியர் வண்டியில் வழுக்குவது கிளட்ச் பிளேட். இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும், அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் நெருக்கிப் பிடிக்கப்படும் உலர்ந்த தட்டு அது. பெடலை மிதித்தால் பிடி தளரும், விட்டால் இறுகும். நடுவில் நிற்பதுதான் ஹாஃப் கிளட்ச். மேட்டில் முன் வண்டி நின்றதும் பிரேக்கை மிதிக்காமல், ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார், 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் மேட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பின்னால் உருளாமல் பிடிக்க சக்கரத்தில் ஏறத்தாழ 980 நியூட்டன் விசை தேவை. அதைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கி, ஃபர்ஸ்ட் கியரின் மொத்த விகிதத்தால் வகுத்தால் கிளட்ச்சுக்கு வரும் முறுக்குவிசை ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் இன்ஜின் 1,500 சுற்றில் ஓடுகிறது, தட்டின் மறுபக்கம் நிற்கிறது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3 கிலோவாட் வெப்பம் அந்தத் தட்டில் இறங்குகிறது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை! கருகல் வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மேட்டில் எடுக்கச் சரியான முறை ஹேண்ட் பிரேக். அதை இழுத்துக்கொண்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்து, கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். வண்டியின் முன்பக்கம் சற்றே எழும்பித் திமிறும். அந்தக் கணம் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். இப்படி எடுத்தால் தட்டு வழுக்குவது ஓரிரு விநாடிதான். தட்டு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, சமதளத்தில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் எகிறி வேகம் கூடவில்லை என்றால் தட்டு போய்விட்டது. மாற்றும்போது தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒவ்வொன்றுக்கும் கியர்பாக்ஸைத் தனித்தனியாக இறக்கினால் கூலிதான் கூடும்.

இப்போது ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்). 2014இல் செலேரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய இதை ஆட்டோமேட்டிக் என்று விற்கிறார்கள். உள்ளே இருப்பது அதே கியர்பாக்ஸ், அதே உலர்ந்த தட்டு. இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு கணினியும், அது சொல்கிறபடி அசைக்கும் ஆக்சுவேட்டரும் செய்கின்றன, அவ்வளவுதான். கியர் மாறும்போது கிளட்ச் திறக்கும், இழுவை அறும், தலை முன்னால் ஆடும். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் ஆட்டம் குறையும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கினால் இதிலும் தட்டுதான் வேகும். பிரேக்கை மிதித்து நிற்பதே முறை. கணினிக்கு இன்னொரு குறை, கொண்டை ஊசி வளைவு அதன் கண்ணுக்குத் தெரியாது. வளைவுக்கு முன் காலை எடுத்தால் மேல் கியருக்குப் போய்விடும், திரும்பி முடித்து மிதிக்கும்போது வண்டி திணறும். அதனால் மலையில் எம் நிலைக்கு (கைமுறை) மாற்றி, செகண்ட் கியரை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியில்தான் வழுக்கும் பொருளே மாறுகிறது. எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் இன்ஜின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது; அது தள்ளும் எண்ணெய் எதிரிலுள்ள இன்னொரு விசிறியைச் சுழற்றுகிறது. நடுவிலிருக்கும் ஸ்டேட்டர் திரும்பி வரும் எண்ணெயைத் திசைமாற்றிவிடுவதால், வண்டி கிளம்பும் நேரத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கிளம்பும்போது உராயும் தட்டு இல்லை. எண்ணெய் சூடாகும், கூலர் வழியே ஆறும். வேகம் வந்ததும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பிணைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் மலைப்பாதையில் ஒன்றன் பின் ஒன்றாக ஊரும்போது இதற்கு ஈடு இல்லை. என் கணிப்பில் மலையடிவாரத்துக்காரருக்குப் பொருத்தமானது இதுதான், விலை கட்டுப்படியானால். ஒரே மாடலில் ஏஎம்டிக்குக் கூடுதலாக 50,000 ரூபாய் அளவில் ஆகும். டார்க் கன்வெர்ட்டருக்கு லட்சத்துக்கு மேல்.

சிவிடியில் பற்சக்கரப் படிகள் கிடையாது. அகலம் மாறும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட். டவுனில் வழவழப்பாக ஓடும். ஏற்றத்தில் அழுத்தினால் இன்ஜின் முதலில் கத்தும், வேகம் பிறகு வரும். அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. டிசிடியில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. எண்ணெயில் ஊறியதா உலர்ந்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உலர்ந்தது நெரிசல் மேட்டில் சூடேறும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கவனம் கேட்கும். அதே 1,200 கிலோ கார் 450 மீட்டர் உயரம் இறங்கினால் 53 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிவரும். 18 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் தின்றது போக மிச்சமெல்லாம் பிரேக்குக்குப் போக வேண்டும், அல்லது இன்ஜினுக்கு. (மலைமேலிருந்து இறங்கும் பெரியாற்றுத் தண்ணீரின் இந்த ஆற்றலைத்தான் லோயர்கேம்ப் மின்நிலையம் மின்சாரமாக்குகிறது.) டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியபின் 155க்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி; பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும். ஆகவே அந்த ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கியர் வண்டியிலும் ஏஎம்டியிலும் செகண்ட். சிவிடியில் எல் (லோ) அல்லது எஸ் (ஸ்போர்ட்). டார்க் கன்வெர்ட்டரில் கைமுறை நிலை. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் அடியோடு நிற்கும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடப் பெட்ரோல் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

ஏலத்தோட்டத்துப் பாதை வேறு ரகம். சேறும் கல்லும், அச்சுப் பள்ளமும். அங்கே கியரை நாமே தேர்ந்து, அங்குலம் அங்குலமாக எடுக்க வேண்டியிருக்கிறது. தேனி மாவட்டத்திலிருந்து தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் போல, சாதாரணம், மெது என இரட்டை விகிதமுள்ள நான்குசக்கர இழுவையும் கைக் கியரும் இருந்தால் போதும். பழுதானாலும் பக்கத்து ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துவிடுவார்.

சரிவில் நிறுத்துவதிலும் வேறுபாடு உண்டு. ஏஎம்டியில் பெரும்பாலும் பி (பார்க்கிங்) நிலை இருக்காது. கியரில் வைத்தே இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக் போட வேண்டும். மற்ற ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்குப் போய், ஹேண்ட் பிரேக் இழுத்து, காலை எடுத்து வண்டி அதில் அமர்ந்தபின் மறுபடி பிரேக்கை மிதித்து பி போடுங்கள். நேராக பி போட்டால் வண்டியின் எடை முழுவதும் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கொக்கியில் தொங்கும்.

பேட்டரி இறங்கினால் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், ஆட்டோமேட்டிக்கை முடியாது. டார்க் கன்வெர்ட்டர், சிவிடி வண்டிகளைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. உள்ளே எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் இன்ஜினால்தான் ஓடுகிறது. இன்ஜின் நின்றிருக்க சக்கரம் சுழன்றால் கியர்கள் எண்ணெயில்லாமல் உராயும். இழுவைச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியோ, முழு வண்டியையும் லாரியில் ஏற்றியோதான் மலையிறக்க வேண்டும்.