பில்லில் விடுபட்ட ஒரு சதம்

இலங்கையில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் பின்னேரம் முதலாளி போன் எடுத்தார். "தம்பி, வாத்தியார் ஒருவர் துண்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு சதம் பிழை என்கிறார்."

பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அரிசி 1.227 கிலோவை 242 ரூபாயால் பெருக்கினால் 296.934, பருப்பு 157.184, சீனி 268.324. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போதும் என்று, எண்ணை அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃப்பிடம் சொல்லியிருந்ததால் துண்டில் 296.93, 157.18, 268.32 என்று விழுந்தன. அவற்றைக் கூட்டினால் 722.43. ஆனால் மொத்தத்தை நான் உள்ளே இருந்த, இலக்கம் குறைக்காத எண்களிலிருந்து கூட்டியிருந்தேன், அது 722.442, அச்சில் 722.44. பிரின்ட்எஃப் எண்ணைத் தொடுவதே இல்லை, அதற்கு ஒரு சட்டை போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சரி, முதலிலேயே ஒவ்வொரு வரியையும் கிட்டிய சதத்துக்கு ரவுண்ட் பண்ணலாமே என்றால் அங்கேயும் ஒரு குழி. பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் 2.675ஐ இரண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.68 வராது, 2.67 தான் வரும், ஏனென்றால் அந்த எண் கம்ப்யூட்டரின் 0, 1 கணக்கான பைனரியில் முழுதாக அடங்காமல் 2.675ஐ விடத் துளி குறைவாக உள்ளே கிடக்கிறது. 0.125 முழுதாகவே அடங்கும், ஆனாலும் 0.12 தான் அச்சாகும். சரிபாதி வந்தால் இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் சாய்வது அங்கே வழக்கம். கடைக்காரருக்கு இதை விளக்கிப் பாருங்கள்!

இப்போது நான் காசை ஃப்ளோட்டில், அதாவது இப்படிப் பைனரியில் கிடக்கும் புள்ளி எண்ணில், வைப்பதில்லை. எடையைக் கிராமாக, விலையைச் சதமாக முழு எண்ணில் எடுத்துப் பெருக்கி, கிலோவுக்கான விலை என்பதால் ஆயிரத்தால் வகுத்து, ஒவ்வொரு வரியையும் ஒரே ஒரு தடவை ரவுண்ட் செய்து, 29693 என்று சதக் கணக்கிலேயே சேமிக்கிறேன். மொத்தம் அந்தச் சதங்களின் கூட்டல். புள்ளி வைப்பது அச்சிடும் நேரத்தில் மட்டும். பத்தடிமான எண்களை அப்படியே வைத்திருக்கும் பைத்தானின் டெசிமல், ஜாவா மொழியின் பிக்டெசிமல் இருந்தாலும் பரவாயில்லை, ரவுண்ட் செய்யும் முறையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நம்மூருக்கே உரிய ஒரு தலையிடி. ஒவ்வொரு பத்திக்கும் இத்தனை எழுத்து என்று அகலம் கொடுத்து, விலைகளின் புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தியிருப்பீர்கள், பொருளின் பெயர் தமிழில் வந்ததும் எல்லாம் கோணும். 'பருப்பு' நம் கண்ணுக்கு 4 எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 7 குறிகள். புரோகிராம் 7 என்று எண்ணி இடைவெளியைக் குறைத்துவிடும். பெயரை ஒரு வரியிலும் எண்களை அடுத்த வரியிலும் போட்டேன், நேராக நின்றது. பேப்பர் ரோல் சீக்கிரம் முடிகிறது என்று முதலாளி இன்னும் முணுமுணுக்கிறார்.