லேடரேன்: ஏணியா, படிக்கட்டா?

லேடரேன் என்பது சதுர வளையங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி நிற்கும் கார்பன் சேர்மம். ஒவ்வொரு வளையத்திலும் நான்கு கார்பன் அணுக்கள். தாளில் வரைந்தால் ஏணி போலவே இருக்கும். ஆங்கிலத்தில் ஏணியைக் குறிக்கும் 'லேடர்' என்ற சொல்லோடு மீத்தேன், ஈத்தேனில் வரும் 'ஏன்' விகுதி சேர்ந்து பிறந்த பெயர் இது. ஆய்வகத்தில் முன்பே புழங்கிய இந்தச் சொல், ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவை நைட்ரஜனாக்கும் அனாமாக்ஸ் பாக்டீரியாவின் சவ்வுக் கொழுப்பிலும் அதே வடிவம் இருப்பது 2002இல் தெரியவந்தபோது உயிரியலுக்கும் வந்தது.

தமிழில் 'ஏணியேன்' என்று எழுதினால் 'அடியேன்' போலத் தன்மை விகுதியாகக் காதில் விழும், அது வேண்டாம். 'ஏணிவளையம்' பொருந்தும். கொழுப்பைச் சொல்லும்போது 'ஏணிக் கொழுமியம்' (கொழுமியம் என்றால் லிப்பிட்).

கோலாலம்பூரில் வேதியியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டுத் தமிழில் எழுத வருபவர் இங்கே சற்றுத் தயங்குவார். மலாயில் 'தங்கா' என்ற ஒரே சொல் ஏணிக்கும் படிக்கட்டுக்கும் பொது. தமிழில் இரண்டும் வேறு. உண்மை மூலக்கூறு தட்டையாக இல்லை. அடுத்தடுத்த வளையங்கள் மாறி மாறி மடிந்து, பத்துமலைப் படிகள் போல ஏறுகின்றன. ஆகவே பெயருக்கு ஏணி, வடிவத்தை விளக்கப் 'படிக்கட்டு மடிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணுவதில் பலர் தவறுகிறார்கள். எண்ண வேண்டியது வளையங்களை, குறுக்குச் சட்டங்களை அல்ல. ஐந்து வளைய ஏணியில் ஆறு சட்டங்கள், சட்டத்துக்கு இரண்டு கார்பன், ஆக 12. எட்டுக் கார்பன் கொண்ட வால் சேர்ந்தால் 20. அதுதான் ஐந்து வளைய ஏணிக் கொழுப்பு அமிலம்.

இதை ஆய்வகத்தில் கட்டுவது கடினம். கார்பன் பிணைப்புகள் விரும்பும் கோணம் 109.5 பாகை, சதுரத்தில் சுமார் 90 பாகைக்குள் அடைபடுகின்றன. ஒரு வளையத்துக்கு ஏறக்குறைய 26 கிலோகலோரி/மோல் திரிபு, அதாவது இறுக்கத்தால் தேங்கும் ஆற்றல். வெப்பத்தால் இதைச் சாதிப்பது அரிது என்பதால் புற ஊதா ஒளி தேவை: இரண்டு இரட்டைப் பிணைப்புகள் ஒளியில் இணைந்து ஒரு சதுரம் உருவாகும். கரைப்பானில் ஆக்சிஜன் தங்கினால் கிளர்ந்த மூலக்கூறின் ஆற்றலை அது உறிஞ்சிவிடும், வினை மந்தமாகும். அதனால் முதலில் ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றுவார்கள். வளையம் ஐங்கோணமாக வந்துவிட்டால் அதை டயசோகீட்டோனாக, அதாவது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒட்டிய கீட்டோனாக, மாற்றி ஒளியூட்டுவார்கள். நைட்ரஜன் வெளியேற, ஐங்கோணம் சதுரமாகச் சுருங்கும். மெத்தனால் இருந்தால் எஸ்டராகக் கைக்கு வரும். இது உல்ஃப் இடமாற்றம்.

வெள்ளி, ரோடியம் போன்ற உலோகங்கள் இறுகிய வளையங்களைத் திறந்துவிடக்கூடும். வினையூக்கியைத் தேர்வதில் கவனம் தேவை. விளைபொருளை, கலவையைச் சூட்டில் ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பியில் செலுத்தினாலும் அதன் சூட்டில் ஏணி உருமாறும். திரவ நிறப்பகுப்பே நம்பகமானது.

ஐந்து வளைய அமிலத்தை 2004இல் அமெரிக்க வேதியியலாளர் இ. ஜே. கோரியின் குழு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு மூலக்கூறு வடிவங்களும் (ஆடிப்பிம்பங்கள்) கலந்த நிலையில் தொகுத்தது. 2006இல் ஒரே பிம்பமாக. இந்த அமிலத்தோடு பாஸ்பேட் தலையும் சேர்ந்த முழு பாஸ்போ கொழுமியம் 2016இல் ஸ்டான்ஃபோர்டில் நோவா பர்ன்ஸ் குழுவால் கிடைத்தது. பாக்டீரியாவோ மெதுவாக வளரும்; பிரித்தெடுத்தாலும் கலவையே வரும். தொகுத்த தூய கொழுமியம் கிடைத்ததால்தான் 2018இல் சவ்வை நேரடியாகச் சோதிக்க முடிந்தது. பாக்டீரியா தனக்குள் உண்டாக்கும் ஹைட்ரசீன் என்ற நஞ்சை இந்தச் சவ்வு வெளியேறாமல் தடுக்கும் என்பதே பழைய கருத்து. சோதனையில் ஹைட்ரசீன் சாதாரணமாகவே ஊடுருவியது. புரோட்டான்தான் வெகு மெதுவாகக் கசிந்தது. 'நஞ்சுத்தடுப்புக் கொழுமியம்' என்று செயலை வைத்துப் பெயரிட்டிருந்தால் அன்றே மாற்ற வேண்டி வந்திருக்கும். 'ஏணிக் கொழுமியம்' அப்படியே நிற்கிறது.