வைட்டமின் இ கேப்சூல் புற்றுநோய் செல்லைக் கொல்லுமா?

கீமோ தொடங்கும் முன் நோயாளியின் மருந்துப் பையை மேசையில் கொட்டிப் பார்ப்பது என் வழக்கம். நாங்கள் எழுதித் தராத ஏதாவது அதில் இருக்கும். பல நேரம் அது வைட்டமின் இ. "புற்றுநோய் செல்லையே கொல்லுமாமே டாக்டர்?" என்பார்கள்.

அந்தப் பேச்சு சும்மா கிளம்பியதல்ல. வைட்டமின் இ என்பது டோகோஃபெரால் நான்கு, டோகோட்ரையினால் நான்கு என எட்டுச் சேர்மங்கள்; இரண்டிலும் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று வகைகள். ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய் செல்கள் மீது காமா, டெல்டா வகைகளை விட்டால் பெருக்கம் குறைகிறது, பல செல்கள் செத்தும் போகின்றன. ஆல்பா டோகோஃபெராலுக்கு அந்த வேகம் இல்லை. கடையில் கிடைக்கும் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்: பெரும்பாலும் 'டோகோஃபெரைல் அசிடேட்' என்றிருக்கும். அது ஆல்பாதான். காமாவையே தேடி வாங்கினாலும், கல்லீரல் ஆல்பாவை மட்டும் பொறுக்கி ரத்தத்தில் விட்டுவிட்டு மற்றவற்றில் பெரும்பகுதியைச் சிதைத்து வெளியேற்றிவிடும். ஆல்பாவின் இன்னொரு வடிவமான ஆல்பா டோகோஃபெரைல் சக்சினேட் தட்டில் நன்றாகவே செல்லைக் கொல்கிறது. விழுங்கினாலோ குடலிலேயே உடைந்து சாதாரண ஆல்பாவாகிவிடுகிறது.

சரி, மனிதர்களிடம் என்ன நடந்தது? புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஃபின்லாந்து ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினம் 50 மில்லிகிராம் வைட்டமின் இ கொடுத்தும் நுரையீரல் புற்று குறையவில்லை. ஆனால் புராஸ்டேட் புற்று குறைந்திருந்தது. அதைச் சோதிக்கவே 2001இல் வட அமெரிக்காவில் 35,000க்கும் அதிகமான ஆண்களுடன் 'செலக்ட்' ஆய்வு தொடங்கியது. பலன் தெரியாததால் 2008இல் மாத்திரைகளை நிறுத்தினார்கள். 2011இல் வந்த கணக்குதான் அதிர்ச்சி: தினம் 400 யூனிட் வைட்டமின் இ மட்டும் எடுத்தவர்களுக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடப் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் அதிகம்.

சிகிச்சையின் நடுவில் இதை எடுப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கதிர்வீச்சு, செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதம் உண்டாக்கித்தான் கட்டியை அழிக்கிறது. அந்தச் சேதத்தைத் தடுக்கும் வைட்டமின் இ போன்ற பொருளையே கூடவே விழுங்கினால், காப்பாற்றப்படுவது கட்டியாகவும் இருக்கலாம். கனடாவில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் இ எடுத்த காலத்தில் இரண்டாவதாக வேறொரு புற்று வந்தவர்கள் கூடுதல்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும். கொட்டைகள், எண்ணெய் வழியாக வருவதைக் குறைக்க வேண்டாம். 400 யூனிட் செயற்கை கேப்சூல் என்பது சுமார் 180 மில்லிகிராம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இவ்வளவு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால், அந்த டப்பாவைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் இப்போதே காட்டிவிடுங்கள்.