முண்ணாண் தூம்பு

சிரிங்கோமயீலியா என்ற நோய்ப்பெயருக்கு 'முள்ளந்தண்டு நீர்க்கட்டி' என்ற தமிழை இன்னொரு கைநூலிலும் பார்த்துவிட்டேன். அதில் 'நீர்' மட்டுமே சரி.

கிரேக்கத்தில் சிரிங்ஸ் என்றால் குழாய், நாணற்குழல். மயெலோஸ் என்றால் மச்சை, அதாவது எலும்பின் உள்ளே இருக்கும் மென்பொருள். ஊசி போடும் சிரிஞ்சுக்கும் வேர் அந்தச் சிரிங்ஸே. பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே, 1827இல். வேர்க்கதை இவ்வளவுதான்.

முள்ளந்தண்டு எலும்பு, அதனுள் ஓடும் நரம்பு வடம் முண்ணாண். நம் பாடசாலைப் பிள்ளைகள் உயிரியலில் படிக்கும் இந்தச் சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் தொலைத்தார்கள்? நோய் எலும்பில் இல்லையே.

'கட்டி' இன்னும் மோசம். கட்டி என்பது திரண்டு நிற்பது. இதுவோ முண்ணாணின் உள்ளே நீளவாக்கில் குழிந்து நீர் நிரம்பிய வெற்றிடம். சூட்டையும் வலியையும் கடத்தும் நார்கள் அதனால் சிதைவதால், கை சுட்டாலும் தெரியாமல் போகலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு தாயிடம் "பிள்ளைக்கு முதுகில் கட்டி" என்று சொல்லிப் பாருங்கள்; புற்றுநோய் என்றே நினைப்பார். அடுத்து, வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்பார்.

வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை. பதின்ம வயதினரில் இதன் காரணம் அடிக்கடி மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கிறது. பின்மண்டைக் குழி சிறுத்து, அதன் முன்புறத்து என்புச் சரிவும் குட்டையாக இருந்தால் மூளிக்கு (சிறுமூளை என்றால்தான் சிலருக்கு விளங்கும்) இடம் போதாது. அதன் அடிநுனி, மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியே கீழே இறங்கி, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீரின் ஓட்டத்தை நெருக்குகிறது. இந்த இறக்கத்தைப் பிராக் நகரில் 1891இல் விவரித்தவர் ஹான்ஸ் கியாரி. அவரையும் 'சியாரி' ஆக்கிவிட்டார்கள், போகட்டும். முதுகு பக்கவாட்டில் வளைகிறதே என்று படம் எடுக்கும்போதுதான் பல பிள்ளைகளில் இது தெரியவருகிறது. சத்திரசிகிச்சையில் பின்மண்டை என்பில் ஒரு பகுதியை நீக்கி இடம் கொடுப்பார்கள். நீரோட்டம் சீரானால் கீழேயுள்ள வெற்றிடம் தானே சுருங்குவதுண்டு. கட்டி முதுகில், சத்திரசிகிச்சை தலையிலா என்று பெற்றோர் திகைத்தால், பிழை அவர்களுடையதா, பெயர் வைத்தவருடையதா?

'முண்ணாண் குழல்' என்று திருத்துவோரும் உண்டு. குருதிக்குழல் போல இதுவும் உடலில் இயல்பாக உள்ள ஓர் உறுப்பென்று அது நினைக்க வைக்கும். முண்ணாணின் நடுவே இயல்பான நுண்கால்வாய் ஒன்று இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

என் தெரிவு தூம்பு. நீர் செல்லும் உட்டுளையான வழி அது. மலைபடுகடாமில் கூத்தர் சுமந்து செல்லும் ஊதுகருவியும் அதுவே. குழாயையும் குழலிசையையும் ஒரே சொல்லில் வைத்த கிரேக்கனுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. வன்னிக் குளங்களில் நீர் திறந்துவிடும் வழியைத் துருசு என்றுதானே சொல்கிறோம், தூம்பை யார் அறிவார் என்பார்கள். நல்லது, வேறு வேலையில் இல்லாத சொல் கலைச்சொல்லாக நிற்கும். 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் டாக்டர் கிறீன், உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றெல்லாம் எழுதத் தயங்கவில்லை. இன்றையவர்களோ அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

முண்ணாணைச் சுற்றிய உறைகளில் உண்மையான நீர்க்கட்டிகளும் வருவதுண்டு. இரண்டும் ஒரே அறிக்கையில் வந்தால் இவர்கள் என்ன எழுதுவார்கள்?