மூன்று தட்டு, இரண்டு கால்

பெரம்பூர், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியர் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் வால்ட்ஸ் (ஒன்று-இரண்டு-மூன்று என்று மூன்று தட்டுத் தாளத்துக்கு ஜோடியாக ஆடும் மேற்கத்திய நடனம்) ஆடுவது புதிதல்ல. இப்போது சென்னையில் மற்றவர்கள் வீட்டு ரிசப்ஷனிலும் அந்த ஆசை எட்டிப் பார்க்கிறது. தேதி நெருங்கும்போது அவசரமாகக் கற்றுக்கொள்ளும் ஜோடிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: மூன்றாவது தட்டில்.

தாளம் நமக்கு அந்நியமே இல்லை. பரதம் கற்கும் பிள்ளையைக் கேட்டால் 'தகிட, தகிட' என்று சொல்லிவிடும். சிக்கல் காதில் இல்லை, காலில். நடக்கும்போது வலது, இடது என்று இரண்டிரண்டாகப் போகிறோம். அந்த வேலையைப் பெரும்பாலும் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள நரம்புச் சுற்றுகளே பார்த்துக்கொள்கின்றன. பாண்டி பஜாரில் போன் பேசிக்கொண்டே நடக்க முடிவது அதனால்தான். மூன்று தட்டை இரண்டு காலுக்குப் பங்கிட்டால்? முதல் சுற்று இடது காலில் தொடங்கினால் அடுத்தது வலதில் தொடங்கியாக வேண்டும். அழுத்தமான 'த' ஒவ்வொரு முறையும் கால் மாறி விழும்.

'ஒன்று'க்கு மாப்பிள்ளை இடது காலை முன்னே வைக்கிறார், பெண் வலது காலைப் பின்னே. 'இரண்டு'க்குப் பக்கவாட்டில் ஓரடி. 'மூன்று'க்குக் கால்களைச் சேர்க்க வேண்டும். சேர்த்த காலைச் சும்மா ஒட்டி வைத்தால் போதாது, உடம்பின் எடை அதற்கு மாற வேண்டும். மாப்பிள்ளை இதைக் கோட்டைவிட்டால் அடுத்துப் பின்னே போக வேண்டிய வலது கால் எடையோடு அங்கேயே நிற்கும். சரியாக ஆடும் பெண்ணின் கால் அதன்மேல் வந்து இறங்கும். மிதித்தது அவர், தப்பு இவருடையது! 'மூன்று' முடிந்ததும் அப்படியே நின்று மற்ற காலைத் தூக்கிப் பார்த்தால் எடை மாறியதா என்று தெரிந்துவிடும்.

மெதுவான வால்ட்ஸே நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு. குனிந்து பார்த்து, யோசித்துத் திருத்துவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். அதனால் சிறுமூளை முன்கூட்டியே கணித்து அடியைச் சரிசெய்யப் பழக வேண்டும். (வியன்னா வால்ட்ஸ் ஏறக்குறைய 180. ஒரு மாத அவகாசத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

யூடியூபில் எத்தனை முறை பார்த்தாலும் கால் பழகாது. 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குப் புது நினைவுகள் தங்காமல் போயின. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்குக் கொடுத்தார். முந்தின நாள் வரைந்ததே மொலைசனுக்கு நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறிவந்தது. சொல்லத் தெரிந்த நினைவு வேறு, செய்யத் தெரிந்த நினைவு வேறு. பின்னது திரும்பத் திரும்பச் செய்வதில்தான் வரும், இடையிடையே தூக்கமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட தினம் இருபது நிமிடம் மேல்.

மண்டபத்துக் கம்பளத்தையும் மறக்கக் கூடாது. வீட்டு மொசைக் தரையில் பாதம் சுலபமாகத் திரும்பும். ரப்பர் அடி வைத்த ஷூவோ கம்பளத்தைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்ப, பாதம் நிற்க, முறுக்கெல்லாம் முழங்காலுக்குப் போகும். தோல் அடி வைத்த ஷூ ஓரளவு வழுக்கிக் கொடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு மண்டப மேடையிலேயே ஒருமுறை ஆடிப் பார்ப்பது நல்லது. அந்த இரண்டு சிம்மாசன நாற்காலிகளை எங்கே நகர்த்துவது என்பதும் அப்போதுதான் தெரியும்.