ஏழு இரவு ஆற்றில்: சுசுருதரின் எலும்புக் கணக்கு

பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதரின் ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில், உடலமைப்பைச் சொல்லும் பகுதியான சாரீர ஸ்தானத்தின் 5ஆம் அத்தியாயத்தில் பிணத்தை அறுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. 'அறுத்து' என்பது நம் வாய்ப்பழக்கம். அந்த முறையில் கத்தியே கிடையாது.

விஷத்தால் சாகாத, நெடுநாள் நோயில் கிடக்காத, நூறு வயது ஆகாத, உறுப்பெல்லாம் குறையாத உடல் வேண்டும். முதல் வேலை, குடலிலுள்ள மலத்தை நீக்குவது. பிணம் ஊதுவது பெரும்பாலும் குடல் பாக்டீரியாக்கள் கிளப்பும் வாயுவால்தான். மலத்தோடு அவற்றில் பெரும்பங்கு போய்விடும். அடுத்து முஞ்சைப்புல், மரப்பட்டை, தர்ப்பை, சணல் என எதையாவது சுற்றிக் கூண்டில் வைத்து, வேகமில்லாத ஆற்றில் மறைவான இடத்தில் ஊறவிட வேண்டும். கூண்டு இருந்தால் மீனும் ஆமையும் நெருங்காது. சுற்றிய புல், கழன்றுவிழும் சின்ன எலும்புகளைப் பிடித்து வைக்கும்.

ஏழு இரவு கழித்து எடுத்து, வெட்டிவேர், முடி, மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்க்கவேண்டும். ஊறிய தோல் படலம் படலமாக உரியும். தோலுக்கு ஏழு அடுக்கு என்று சுசுருதர் சொல்வதும், மேலடுக்கு நெல்மணியில் 18இல் ஒரு பங்கு, அடியடுக்கு இரண்டு நெல்மணி கனம் என்று அளவு தருவதும் இப்படி உரித்துப் பார்த்த கணக்காகவே படுகிறது.

எலும்பு மொத்தம் 300 என்கிறார்: கைகால்களில் 120, உடலில் 117, கழுத்துக்கு மேல் 63. இன்றைய கணக்கு 206. பல் 32ஐயும் குருத்தெலும்பையும் சேர்த்ததால் எண்ணிக்கை ஏறியது. விலாவை மட்டும் பக்கத்துக்கு 36 என்கிறார். 12 விலாவையும் மும்மூன்று துண்டாக எண்ணினால் வரும் கணக்கு அது.

காலைப் பாருங்கள். விரலுக்கு மூன்று வீதம் 15, பாதமும் கணுக்காலும் சேர்த்து 10, குதிகால் 1, கீழ்க்கால் 2, முட்டி 1, தொடை 1: ஆக 30. இன்றைய கணக்கிலும் காலுக்கு 30தான்! ஆனால் பெருவிரலில் இருப்பது இரண்டே எலும்பு. அங்கே ஒன்று கூட, பாதத்தில் ஒன்று குறைய, கூட்டுத்தொகை சரியாகிவிட்டது. கையையும் காலைப் போலவே கொள்ளச் சொல்கிறார். அதனால் முட்டிச்சில்லுக்கு ஈடாக முழங்கையில் இல்லாத ஓர் எலும்பு வந்து சேர்ந்தது. அங்கேயும் மொத்தம் 30தான்.

மென்மையான உறுப்புகளில்தான் இந்த முறை கைவிட்டது. ஏழு நாளில் ரத்தக்குழாய் எது, நரம்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூளையோ மற்ற பல உறுப்புகளுக்கும் முன்பே கூழாகிவிடும். உணர்வின் இருப்பிடம் இதயம் என்றே சுசுருதர் எழுதினார்.