மாம்பழ வாயுவும் பொலித்தீன் பையும்

“மாம்பழத்தைப் பழுக்கவைக்கிற எதிலீனில இருந்துதான் பொலித்தீனும் செய்யிறாங்கள் எண்டால், சொப்பிங் பைக்குள்ள கட்டிவச்ச பழத்தைச் சுத்தி ஏன் சேர் பொலித்தீன் உண்டாகேல்லை?” யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டார். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்துக்கு ஏற்ற, அருமையான கேள்வி.

இரண்டும் ஒரே வாயுதான். பழங்கள் எதிலீனை உண்டாக்குகின்றன என்று ரிச்சர்ட் கேன் 1934இல் இங்கிலாந்தில் நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டு, அதே நாட்டில், ஃபோசெற், கிப்சன் என்ற இரு இரசாயனவியலாளர்கள் எதிலீனையும் பென்சல்டிகைட்டு என்ற திரவத்தையும் 170 பாகை செல்சியசில், வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் அடைத்துப் பார்த்தார்கள். மிஞ்சியது மெழுகு போன்ற வெள்ளைத் திண்மம்; அதுதான் பொலித்தீன். திரும்பச் செய்தபோது கலம் வெடித்தது; வேலையை நிறுத்திவிட்டார்கள். 1935இல் வேறு குழுவொன்று மீண்டும் முயன்றது. கலத்தில் கசிவு ஏற்பட, புதிதாக எதிலீனைச் செலுத்தினார்கள். அதில் துளியளவு ஒட்சிசன் கலந்திருந்தது; வெள்ளைத் திண்மம் மீண்டும் கிடைத்தது. எல்லாம் அந்தத் துளியில்தான் இருந்தது.

எதிலீனின் இரு காபன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு. ஒன்று உறுதியானது, மற்றது வலுக் குறைந்தது. ஆனாலும் தானாகத் திறக்காது. சூட்டில் ஒட்சிசன் சுயாதீன மூலிகங்களை, அதாவது சோடியில்லாத இலத்திரனுடைய துணிக்கைகளை, உருவாக்குகிறது. அப்படியொன்று எதிலீனை நெருங்கியதும் வலுக் குறைந்த பிணைப்பின் ஓர் இலத்திரனோடு சோடி சேர்ந்து, ஒரு காபனில் ஒட்டிக்கொள்கிறது. மற்ற இலத்திரன் அடுத்த காபனில் தனித்து நிற்கிறது. இப்போது அந்தக் காபனே மூலிகம்! அது அடுத்த எதிலீனைத் திறக்க, சங்கிலி இரண்டு காபன் நீள்கிறது, நுனியில் திரும்பவும் ஒரு தனி இலத்திரன். சோடி தேடும் தேவை தீர்வதேயில்லை, ஒவ்வொரு முறையும் நுனிக்கு இடம் மாறுகிறது. இதைவிட அழகான பொறிமுறை இரசாயனத்தில் எனக்குத் தெரியாது. வலுக் குறைந்த பிணைப்பு போய் உறுதியான பிணைப்பு வருவதால் ஒவ்வொரு படியிலும் வெப்பமும் வெளிவருகிறது. அது கட்டுமீறினால் வெடிப்பு. இரு நுனிகள் சந்தித்துச் சோடி சேர்ந்தால் சங்கிலி நிற்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கோர்க்கப்பட்டிருக்கும்.

பைக்குள் மாம்பழம் விடும் எதிலீன் மிக ஐதானது. சூடு இல்லாததால் தொடக்கிவைக்க மூலிகமும் இல்லை, நெருக்கிவைக்க அமுக்கமும் இல்லை.

“என்ன பயன்?” என்று முதலில் கேட்டுத்தான் ஆய்வுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் எங்களிடம் மாறவேண்டும். அந்த வெள்ளை மெழுகின் பயனை 1933இல் எவரால் எழுதிக்கொடுத்திருக்க முடியும்?

வளரும் நுனி சிலவேளை வளைந்து தன் சங்கிலியிலிருந்தே ஓர் ஐதரசனைப் பறிக்கும். அவ்விடத்தில் கிளை முளைக்கும். கிளைத்த சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படாததால்தான் இந்த வகைப் பொலித்தீன் கையில் குழைகிறது. 1953இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் சீக்லர் கண்டுபிடித்த தைத்தேனிய ஊக்கி, சாதாரண அமுக்கத்திலேயே ஏறக்குறைய கிளையில்லாத நேர்ச் சங்கிலிகளைத் தந்தது. வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் விறைப்பான கான் அந்த வகை.